ஐஸில் வைக்காத ரத்தம்

அடையாள அட்டையைக் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டுத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பகல் இரண்டு மணி இருக்கும். மழைக்கு முன்னால் வரும் புழுக்கம். இரண்டு ஆட்டோக்கள் என்னருகே வேகத்தைக் குறைத்து, நான் திரும்பிப் பார்க்காததால் போய்விட்டன. தோளில் ஒரு பை. அதில் ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு டார்ச். வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. அதற்கு முன் ஒன்பது வேலைகளை விட்டிருக்கிறேன். சில இடங்களில் போகச் சொன்னார்கள், சில இடங்களில் நானே எழுந்து வந்துவிட்டேன். எதையும் மனதில் வைத்துக்கொண்டு நடந்ததில்லை. அன்று மட்டும் கோபத்தோடு நடந்தேன். அது இன்னும் ஆறவில்லை.

ஆறாததற்குப் போன வாரம் வந்த ஒரு போன் காரணம். பேசியவள் ஒரு ஆராய்ச்சி மாணவி. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள். “அங்கிள், போனக்காட்டுப் பக்கம் உள்ள காணி செட்டில்மென்டுக்கு வழி உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க. ஹார்மோன் ஸ்டடி. கிட்னி ரிஸ்க் பாக்கணும். அங்க உள்ளவங்க கோவாப்பரேட் பண்ணுவாங்களா?” என்று கேட்டாள். வழியை எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தபோது, வழிக்கு முன்னால் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தோட்டம் ஓடாமல் நின்றபோது லயத்திலிருந்து இறங்கி விதுரை வரை நடந்தே வந்தேன். சாலை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரித்தேன். நாகர்கோவிலில் ஒரு வருடம் லாரி கழுவினேன். திரும்பி வந்து ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் பாட்டில் கழுவப் போனேன். அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவருக்கு அவசரம் வந்த நாளில், அவரிடம் பார்த்துப் பழகிய கையால் முதல் ஊசியைப் போட்டேன். பிறகு பைக்கில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவன் ஆனேன். இதில் கதை ஒன்றும் இல்லை, ஒரு விஷயத்தைத் தவிர. அந்தத் தொழிலில், காலையில் ரத்தம் எடுத்தவன்தான் சாயங்காலம் ரிப்போர்ட்டோடு அதே வாசலில் நிற்பான். யாரும் சொல்லிக் கொடுத்த சட்டம் இல்லை. எடுத்தவன் முகம் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அதனால் அவனையே அனுப்புவார்கள். ரத்தம் என்றால் போனால் திரும்பி வரும் என்பது என் மனதில் அப்படிப் பதிந்துவிட்டது.

நகரத்தில் இருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஃபீல்ட் அசிஸ்டென்ட் வேலைக்கு என்னை எடுத்தது படிப்பைப் பார்த்து இல்லை. எனக்குக் காடு தெரியும், அங்கே வாழும் பழங்குடிகளான காணிக்காரர்களின் பேச்சு புரியும். அவர்கள் பேசுவது மலையாளமும் தமிழும் பின்னிய ஒரு பேச்சு. லயத்தில் வளர்ந்தவனுக்கு அது அடுத்த வீட்டுப் பேச்சு மாதிரி.

என் மேலதிகாரியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்தவர். ஆபீஸில் மலையாளமும் இங்கிலீஷும் பேசுவார், அறைக்குள் தனியாக இருந்தால் என்னிடம் அவர் வீட்டுத் தமிழ் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிழை செய்தவனை உட்கார வைத்து, சரியானதை அவன் வாயாலேயே மூன்று தடவை சொல்ல வைப்பார். பேனாவைத் திறந்தபடி வைக்க மாட்டார். நாங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு ட்யூபையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இதையெல்லாம் நான் மதித்தேன். இன்றும் மதிக்கிறேன். அதனால்தான் கோபம் கூடுகிறது.

முதல் நாளே அவர் எனக்கு இரண்டு ஹார்மோன்களைச் சொல்லிக் கொடுத்தார். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அது ஆல்டோஸ்டிரோன் என்று ஒன்றை விடும். உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பது அதன் வேலை. சிறுநீரகம் தன் பங்குக்கு ரெனின் என்று ஒன்றை விடும். உப்பு போதவில்லை, கொஞ்சம் பிடித்து வை என்று கேட்பது அதன் வேலை. கேட்டபோது கொடுத்தால் சரி. சிலருக்கு மட்டும் யாரும் கேட்காமலே மேலே இருக்கும் சுரப்பி கொட்டிக்கொண்டிருக்கும். அப்போது ரெனின் அடங்கிக் கிடக்கும், ஆல்டோஸ்டிரோன் ஏறியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரைக்கு வழி திறக்கும், சிறுநீரகம் வருடக்கணக்கில் தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. காணிக்காரர்களில் யாருக்கு அப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் திட்டம்.

“லேப்ல வேலை செஞ்சவா எல்லாருக்கும் கை தானா ஐஸ் பெட்டிக்குப் போகும். அது ஒரு பழக்கமாக்கும்,” என்றார் மேடம். “சக்கரைக்கும் இன்சுலினுக்கும் எடுக்கற ட்யூப் ஐஸ்லதான் இருக்கணும். இந்த ஊதா மூடி மட்டும் போகப்படாது. ரெனினாக்கும் இதுல. குளிர் பட்டா என்ன ஆகும்?”

“கூடும் மேடம்.”

“எது கூடும்?”

“ரெனின். ரத்தத்துல தூங்கிக்கிட்டு இருக்கது குளிர்ல முழிச்சிக்கிடும். இல்லாத ரெனின் இருக்க மாதிரிக் காட்டும்.”

“குறையுமோ?”

“குறையாது மேடம். கூடும்.”

“இன்னும் ஒரு தரம் சொல்லு.”

சொன்னேன். அதற்காக எனக்கு இரண்டு பெட்டிகள் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டி ஜீப்பின் பின்னால் போகும். மற்றது ஒரு சாதாரண சோற்று டப்பா, உள்ளே துணி விரித்தது. அது என் மடியில் வரும். நாலு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். மலை ஜீப் குலுக்குகிற குலுக்கலில் ட்யூப் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டுத் துணியில் சுற்றுவேன். அதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஜீப் பாதை முடிகிற இடத்தில் இருந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் முகாம். காணிக்காரர்களில் ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. அவர் வாக்கு இல்லாமல் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். அறுபது வயது, ஒட்டிய கன்னம், கையில் எப்போதும் ஒரு வெட்டுக்கத்தி. எங்கள் நர்ஸ் படிவங்களை அடுக்கி வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மும்பு ஒரு கூட்டம் வந்து செடி கேட்டுது,” என்றார் என்னிடம். “பின்ன ஒரு கூட்டம் வந்து பாட்டுப் பாடச் சொல்லி டேப்புல பிடிச்சிட்டுப் போச்சு. இப்ப ரத்தம். இனி எலும்புதான் பாக்கி. அதுக்கு ஆளு எப்ப வரும்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முறை இப்படி. படுக்கையை விட்டு எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடியிருக்க வேண்டும். பிறகு நாற்காலியில் கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். பேசலாம், எழுந்திருக்கக் கூடாது. வெற்றிலை போடக் கூடாது. கையில் கட்டும் ரப்பரை ஊசி ஏறியதும் தளர்த்திவிட வேண்டும், கையை மூடித் திறக்கச் சொல்லக் கூடாது. நேரம் பார்ப்பது என் வேலை.

அறுபத்து மூன்றாவதாக வந்தவள் ஓமனா. நாற்பது ஆகவில்லை. ஈற்றை மூங்கிலில் கூடை பின்னுகிறவள், விரல் முழுக்கக் கீறல். அவளை உட்கார வைப்பது பெரிய பாடு. ஐந்தாவது நிமிடத்தில் கோழி ஒன்று உள்ளே வந்தது, விரட்ட எழுந்தாள். நான் மறுபடி முதலிலிருந்து நேரம் பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் வெளியே யாரோ கூப்பிட்டார்கள், எழுந்தாள். மறுபடி முதலிலிருந்து.

“அண்ணா, இப்படி இருந்தா எனக்கு வேரு வந்துரும்.”

“வந்தா வெட்டிக்கலாம். இரி.”

“தலைவேதனையோட இங்க இருக்கறதுக்கு வீட்டுல கிடக்கலாம். காலும் துவளுது. ராத்திரி நாலஞ்சு வட்டம் மூத்திரத்துக்கு எழும்பணும். வயசாயில்லே?”

“உனக்கா வயசு?”

ஊசி ஏறியது. ரத்தம் ட்யூபுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “கொசுவும் தினம் ரத்தம் எடுக்குது அண்ணா. அது ரிசல்ட் ஒண்ணும் தர்றதில்ல. நீங்களும் அந்தக் கூட்டமா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “நான் கொண்டு வருவேன். எடுத்தவன் நான்தானே, ரிசல்ட்டும் நான்தான் கொண்டு வருவேன்,” என்றேன்.

மூட்டுக்காணி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, “ரிசல்ட் அண்ணன் கொண்டு வரும்னு பறஞ்சிருக்கு. எல்லாரும் கேட்டுட்டீங்கல்லோ,” என்றார். அதன் பிறகு யாரும் தயங்கவில்லை. படிவத்தில் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வரிசையாக விழுந்தன. மை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்தப் படிவத்தை நான் ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மாதங்கள் போயின. வேறு முகாம்கள், வேறு மலைகள். நடுவில் இரண்டு தடவை ரிசல்ட்டைப் பற்றி லேப் டெக்னீஷியன் பினுவிடம் கேட்டேன். வரும் அண்ணா என்றான். ஒரு தடவை மேடத்திடம் கேட்டேன். பாக்கலாம் என்றார். பிறகு நானும் கேட்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் ட்யூப் பெட்டிகளை லேபில் இறக்கிவிட்டு நிற்கிறேன். பினு கம்ப்யூட்டரில் ஒரு படம் வைத்திருந்தான். புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம் கீழே இடது பக்கம். ஒரே ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டுத் தொலைவில், மேலே தனியாக நின்றது.

“இது என்னடா, வழி தெரியாமப் போயிட்டா?” என்றேன்.

“அது நம்மட அறுபத்து மூணு அண்ணா. ஆல்டோஸ்டிரோன் மேல போயி, ரெனின் தாழ விழுந்து. மேடம் இதை எடுத்துக் களயச் சொன்னாங்க. சாம்பிள் கேடாயிப்போச்சாம்.”

“எப்படிக் கேடாச்சு?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கொண்டு வந்தப்ப ஐஸ்ல வெச்சிருக்கும்னு எழுதியிருக்காங்க.”

கொண்டு வந்தவன் நான். அறுபத்து மூன்று யார் என்று எனக்குப் பட்டியல் பார்க்காமலே தெரியும். மூன்று தடவை நேரம் பார்த்தது அவள் ஒருத்திக்குத்தான்.

மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

“அறுபத்து மூணு நான் ஐஸ்ல வைக்கல மேடம். மடியில வச்சுக் கொண்டு வந்தேன். நேரம் ரிஜிஸ்டர்ல இருக்கு. மூணே கால் மணி நேரம்.”

“நீ வெச்சேன்னு நான் குத்தம் சொல்லலைப்பா. மலைலேர்ந்து வரச்சே ஆயிரம் நடக்கும். ஒரு வேல்யூ இப்படித் தனியா நின்னா அதை எடுத்துடறதாக்கும் வழக்கம்.”

“ஐஸ்ல வச்சிருந்தா ரெனின் கூடத்தானே செய்யும்?”

அவர் மேசையில் கிடந்த பேனாவைக் கையில் எடுத்தார்.

“நீங்கதான் மேடம் சொல்லிக் குடுத்தீங்க. குளிர் பட்டா கூடும், குறையாது. மூணு தடவை சொல்ல வச்சீங்க. இதுல குறைஞ்சிருக்கு. அப்ப ஐஸ் எப்படிக் காரணமாகும்?”

பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

“இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாமே மேடம். நான் போய் எடுத்துட்டு வாறேன்.”

“ரிப்பீட்டுக்குப் புரோட்டோகால்ல இடம் இல்லை. புதுசா கமிட்டிக்கு எழுதணும். அதுக்குள்ள பேப்பர் அனுப்ப வேண்டிய நாள் போயிடும்.” இழுப்பறையைத் திறந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பினார். “ஒம்பதாவது வரியை வாசி.”

எனக்கு மலையாள அச்சு மெதுவாகத்தான் வரும். விரல் வைத்து வாசித்தேன். தனிப்பட்ட முடிவுகள் பங்கேற்பாளர்களுக்கு அளிக்கப்பட மாட்டாது என்று இருந்தது.

“எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கா. அதை நாம மீறப்படாதாக்கும்.”

என்ன ஒரு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவனிடம் ரேகை வாங்கிவிட்டு, வாசித்திருக்க வேண்டியது அவன் பொறுப்பு என்பது. ரத்தம் எடுக்கும்போது அவள் ஓமனா, கோழி விரட்டுகிறவள், தலைவலிக்காரி. ஆபத்து தெரிந்த பிறகு அவள் வெறும் எண், எண்ணுக்கு விலாசம் கிடையாது. இந்தச் சட்டம் ரகசியத்தைக் காப்பாற்ற வந்தது என்று பிறகு எனக்கு விளக்கினார்கள். யாரிடமிருந்து யாருடைய ரகசியத்தை? அவள் சிறுநீரகத்தை அவளிடமிருந்தா?

நான் லேபுக்குத் திரும்பினேன். பினு எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். “அண்ணா, நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன். பத்து மினிட்டாகும். கம்ப்யூட்டரை அணைக்கணுமா? வேண்டாமில்லே?” என்று கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போனான். கூரியர் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் அந்த எண்ணுக்கு எதிரே இருந்த ஐந்து வரிகளை எழுதிக்கொண்டேன்.

மறுநாள் லீவு சொல்லாமல் மலைக்குப் போனேன். மூட்டுக்காணி பாதையிலேயே நின்றார்.

“எட்டு மாசம்,” என்றார். “நீ ஒரு வாக்கு சொன்னே. அதை என் வாக்குன்னு நெனச்சாக்கும் இவங்க கேட்டது. தினம் ஒருத்தர் என் கிட்ட வந்து ரிசல்ட் எங்கேன்னு கேக்குது. நான் என்ன சொல்ல? ரத்தத்தை வித்துட்டான்னு சொல்லவா?”

“ஒருத்தருக்குத்தான் கொண்டு வந்திருக்கேன்.”

“மத்தவங்களுக்கு?”

“தர மாட்டாங்க. படிவத்துல அப்படி எழுதியிருக்கு. நான் வாசிக்கல. என் தப்பு.”

வெட்டுக்கத்தியைப் பக்கத்து மரத்தில் கொத்தி நிறுத்தினார். பிறகு, “ஆருக்கு?” என்றார்.

ஓமனா முற்றத்தில் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என்ன எழுதியிருக்கு அண்ணா? சாவேனா?”

“இல்ல. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னைக்கே.”

“இது எப்பத் தெரியும் உங்க ஆபீஸுக்கு?”

“கொஞ்ச மாசமாத் தெரியும்.”

“கொசு பரவால்லை,” என்றாள். எழுந்து சேலை மாற்றப் போனாள்.

மலையடிவாரத்தில், விதுரை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். ரத்த அழுத்தத்தை மூன்று தடவை பார்த்தார், இரண்டு கையிலும் பார்த்தார். சிறுநீரையும் ரத்தத்தையும் அங்கேயே சோதித்தார். சிறுநீரில் புரதம் போகிறது, பொட்டாசியம் குறைவு, சிறுநீரகம் தேய ஆரம்பித்துவிட்டது என்றார். கூரியர் சீட்டை வெகுநேரம் பார்த்தார்.

“இந்த ஹார்மோன் டெஸ்ட் இங்க கிடையாது. நீங்க எழுதினதை வெச்சு நான் ஒண்ணும் தீர்மானிக்க முடியாது. உங்க ஆபீஸுக்கு போன் பண்ணி இது சரியான சாம்பிள்தானான்னு கேக்கறேன். ஆமான்னு சொன்னா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு, ஸ்கேனுக்கு எழுதலாம். பிழைன்னு சொன்னா சாதாரண பிரஷர்னு வெச்சுத்தான் மருந்து தரணும். அது இவங்களுக்குக் கேக்காது. கிட்னி போயிட்டே இருக்கும்.”

அவர் போன் செய்தார். நாளை பதில் சொல்கிறோம் என்றார்களாம். அந்த நாளைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அறையில் மேடமும் நிர்வாகத்திலிருந்து ஒருவரும் இருந்தார்கள். முன்னால் டைப் அடித்த ஒரு தாள். அறுபத்து மூன்றாம் எண் மாதிரியை என் கவனக்குறைவால் ஐஸில் வைத்துக் கொண்டுவந்தேன், ஆகவே அதன் முடிவு நம்பத்தக்கதல்ல என்று என் பெயரில் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போட்டாப் போதும். ரகசியத்தை வெளிய சொன்னதுக்கு நடவடிக்கை வேண்டாம்னு நான் பறஞ்சிருக்கேன். உனக்கு வேலை இருக்கும்,” என்றார் மேடம்.

“இதை வச்சு அந்த டாக்டருக்கு என்ன பதில் சொல்வீங்க?”

நிர்வாகத்துக்காரர், “இதுல உள்ளதை,” என்றார்.

“அப்ப அவளுக்கு ஸ்கேன் எழுத மாட்டாரு.”

“அது அவங்க விஷயம். நீ கையெழுத்துப் போடு.”

நான் மேடத்தைப் பார்த்தேன். “மேடம், குளிர் பட்டா என்ன ஆகும்?”

நிர்வாகத்துக்காரருக்கு அது புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். “தங்கராஜ், அறிவோட நடந்துக்கோ,” என்றார், மிகவும் மெதுவாக. அதட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

நான் எட்டாம் வகுப்பு. அந்த அறையில் இருந்த புத்தகங்களின் முதுகைக்கூட என்னால் சரியாக வாசிக்க முடியாது. அத்தனை புத்தகம் படித்தவர்கள், ஒரு படத்தில் ஒரு புள்ளி அழகைக் கெடுக்கிறது என்பதற்காக, தாங்கள் சொல்லிக் கொடுத்த பாடத்தைத் தாங்களே தலைகீழாக எழுதிக் கொண்டுவந்து, அதற்கடியில் என் பெயரைக் கேட்டார்கள். தாளை மடிக்காமல் அப்படியே திருப்பி வைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

தம்பானூரில் விதுரை பஸ் நின்றது. ஏறினேன். பொழுது சாயும் நேரத்தில் டாக்டரின் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, அவர்களிடமிருந்து உண்மையான பதில் வராது என்று சொன்னேன். ஏன் என்றார். சொன்னேன். அவர் உள்ளே போய், புது டெஸ்டுக்குச் சீட்டு எழுதிக் கொண்டுவந்தார். “ஜங்ஷன்ல ஒரு லேப் இருக்கு, அவங்க சிட்டிக்கு அனுப்புவாங்க. ஆனா இந்த சாம்பிளை ஒழுங்கா எடுத்து ஒழுங்காக் கொண்டுபோக அவங்களுக்குத் தெரியுமான்னு தெரியாது,” என்றார். ஜீப்காரரிடம் மூட்டுக்காணிக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தேன்.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ரத்தத்திலும் அதே கதைதான் வந்தது, ஆல்டோஸ்டிரோன் மேலே, ரெனின் கீழே. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். ஆல்டோஸ்டிரோனை அடக்குகிற மாத்திரை, நெடுங்காலமாகக் கடையில் இருப்பது. அழுத்தம் இறங்கியது. கால் துவளுவது நின்றது. சிறுநீரகத்தில் தேய்ந்தது தேய்ந்ததுதான், அது திரும்பாது. முன்பே வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று அங்கிருந்த டாக்டர் என்னிடம்தான் சொன்னார், நான்தான் அவளைத் தாமதப்படுத்தினேன் என்பது மாதிரி. ஓமனா இன்றும் கூடை பின்னுகிறாள். உப்புக்கருவாட்டை நிறுத்தச் சொன்னதற்காக இன்றுவரை என்னைத் திட்டுகிறாள்.

விதுரை டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுத்தக் கருவியோடு மலைக்கு வந்து ஊர் முழுக்கப் பார்த்தார். வேறு சிலருக்கும் மருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவர்கள் எண்கள் எல்லாம் நகரத்தில் ஒரு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. அந்த ஆராய்ச்சி அச்சில் வந்தபோது பினு போனில் அனுப்பினான். படத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காக ஒரே இடத்தில் இருந்தன. கடைசியில் பழங்குடி மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஒரு வரி இருப்பதாக அவனே வாசித்துச் சொன்னான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே, மகளே, வழி சொல்கிறேன். விதுரையில் இறங்கி ஜீப் பிடி, பள்ளிக்கூடம் வரை ஜீப் போகும். அங்கே மூட்டுக்காணியைக் கேள். அவர் முதலில் உன்னிடம் கேட்பது, ரிசல்ட்டோடு யார் வருவார்கள் என்பதுதான். வருகிற ஆளின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் ஊசியை வெளியே எடுக்காதே. ஒன்பதாவது வரியை நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அடித்துவிடச் சொல்லி உன் மேலதிகாரியிடம் கேள். கேட்டதற்காக உன்னை அனுப்பினால், அனுப்பட்டும். வேலை கிடைக்கும். எனக்கு மறுநாள் காலையிலேயே கிடைத்தது.

ஆறரை மணிக்கு ஓமனா மூட்டுக்காணியோடு ஜீப்பில் வந்து இறங்கினாள். ஜங்ஷனில் இருந்தது ஒரு ஷட்டர் கடை லேப். நடத்தியவர் சுகு என்கிற நடுவயதுக்காரர். சீட்டைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“இதை எடுத்துட்டு சிட்டிக்கு ஆளு போகணும். கொண்டுபோற பையன் போன மாசம் கல்ஃபுக்குப் போயாச்சு. நான் கடையை அடைச்சிட்டுப் போக ஒக்குமா?”

“நான் கொண்டுபோறேன்,” என்றேன்.

“இன்னைக்கு மட்டுமா, வேலைக்கா?”

“வேலைக்குத்தான்.”

“மும்பு எங்கே?”

இடத்தைச் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார். “அது பெரிய இடமல்லே. ஏன் விட்டே?”

“ஒருத்தருக்கு ரிசல்ட் சொன்னதுக்கு.”

அவர் என்னைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓமனாவைப் பார்த்தார். “இங்க ரிசல்ட் சொல்லல்லேன்னாத்தான் ஆளுக அடிக்கும்,” என்றார். ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் போட்டு, பெயரும் ஊரும் எழுதச் சொன்னார். ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விதுரை என்று எழுதினேன். பிறகு ஓமனாவுக்கு நேரம் பார்த்தேன், ரத்தம் எடுத்தேன், ட்யூபைத் துணியில் சுற்றினேன். எட்டு மணி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கண்டக்டர் வந்து பையை மேலே வைக்கலாமே என்றார். வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும் என்றேன்.